பிரைட்ஸ்டோ லாவெண்டர் பண்ணை: ஆண்டிறுதி விடுமுறைக்கு ஏற்ற ஊதா வயல்

சிங்கப்பூரிலிருந்து லாவெண்டர் வயலைப் பார்க்கப் புறப்படும் குடும்பங்களுக்கு முதல் சிக்கல் செலவன்று, நாட்காட்டி. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், ஃபுரானோ வட்டாரத்தில், பூ உச்சத்தை எட்டுவது ஜூலை நடுப்பகுதியில். அதற்குள் நம் பள்ளிகளின் ஜூன் விடுமுறை முடிந்து, பிள்ளைகள் மூன்றாம் தவணைப் பாடங்களுக்குத் திரும்பியிருப்பார்கள். தென் பிரான்சின் புரொவான்ஸ் வட்டாரத்திலும் ஜூன் கடைசியில் நிறம் ஏறி ஜூலையில்தான் வயல் நிறைகிறது. நமக்கு நீண்ட விடுமுறை கிடைப்பதோ நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை. அப்போது வடகோளத்து லாவெண்டர் செடிகள் பூவின்றிக் குளிரில் ஒடுங்கியிருக்கும். எனவே பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்துக்குத் தென்கோளத்தைத் தவிர வேறு வழியில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் உள்ள பிரைட்ஸ்டோ லாவெண்டர் பண்ணையில் பூ நிறைந்திருப்பது டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான். நாங்கள் அங்கே சென்றது கிறிஸ்துமசை ஒட்டிய வாரத்தில். டிசம்பர் தொடக்கத்தில் போனால் மொட்டும் பச்சையும்தான் மிகுதியாக இருக்கும். விடுமுறையின் கடைசிப் பத்து நாட்களை இதற்கென ஒதுக்கி வைப்பது நல்லது.

பண்ணை இருப்பது டாஸ்மேனியாவின் வடகிழக்கில், லான்செஸ்டன் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவிலுள்ள நபோலா என்னும் சிற்றூரில். வாசனைப் பொருள் தொழிலில் இருந்த டென்னி குடும்பம் 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியபோது, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த லாவெண்டர் விதைகளையும் உடன் எடுத்து வந்தது. முதலில் லில்லிடேல் என்ற ஊரில் பயிரிட்டார்கள். 1940-களில் இப்போதைய நிலத்துக்கு மாறினார்கள். சுற்றிலும் கடல் இருந்ததால் வேறு லாவெண்டர் இனங்களின் மகரந்தம் கலக்க வாய்ப்பில்லாமல் அந்தச் செடிகளின் வழி தூய்மையாகவே தொடர்ந்தது. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த டிம் டென்னி, நல்ல எண்ணெய் தரும் தாய்ச்செடிகளைத் தேர்ந்து பெருக்குவதிலும், இயந்திர அறுவடையிலும், எண்ணெய் வடிக்கும் முறையிலும் செய்த ஆய்வுகளுக்காக இன்றும் அந்தத் தொழிலில் உள்ளவர்களால் பேசப்படுகிறார். 2007-இல் பண்ணை ராபர்ட் ரேவன்ஸ் என்பவர் கைக்கு வந்தது. அதன்பின்தான் பார்வையாளர் பக்கம் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது.

இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று உலகெங்கும் “லாவெண்டர் பண்ணை” என்ற பலகையைத் தாங்கி நிற்கும் இடங்களில் பலவும், படம் எடுப்பதற்காகவே நடப்பட்ட சில வரிசைச் செடிகளும் ஒரு பெரிய கடையும் கொண்டவை. பிரைட்ஸ்டோவில் நிலைமை தலைகீழ். முதலில் எண்ணெய்க்காக ஏற்பட்ட வயல். பார்வையாளர் பின்னால் வந்தவர்கள். ஏறக்குறைய 260 ஏக்கர் பரப்புள்ள அந்த நிலத்தில், கூரிய கோடுகளாக அல்லாமல் மேட்டின் வளைவுக்கேற்ப வளைந்து ஓடும் வரிசைகளில், லட்சக்கணக்கான செடிகள் நிற்கின்றன. அந்த வளைவு அழகுக்காக மட்டும் போட்டதன்று. சரிவான நிலத்தில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதிருக்க, சம உயரக் கோட்டை ஒட்டி உழுது நடுவது பழைய உழவர் அறிவு. தேயிலைத் தோட்டங்களைப் பார்த்த கண்ணுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். வரிசைகளின் நடுவே நிற்கும் ஒற்றை மரத்தைப் பின்னணியாக வைத்துப் படம் எடுக்க எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; அதற்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. பத்து நிமிடம் மேட்டில் நடந்தால் கூட்டம் குறைந்துவிடுகிறது, காட்சியோ அங்கேதான் விரிகிறது.

ஒரு பண்ணையைப் பார்வையாளருக்குத் திறந்துவிடுவதில் உள்ள உண்மையான சிரமம், உழவரின் நாளும் விருந்தாளியின் நாளும் ஒன்றாக அமையாததுதான். உலர்த்திக் கட்டி விற்கும் பூங்கொத்துக்கு, கதிரில் முதல் சில பூக்கள் விரியும் வேளையிலேயே அறுக்க வேண்டும். அப்போதுதான் உலர்ந்த பின்னும் மணிகள் உதிராமல் நிறம் நிற்கும். எண்ணெய்க்கு அறுப்பதென்றால், கதிரில் பாதி அளவு பூக்கள் வாடிப் பழுப்பேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். விருந்தாளி விரும்பும் அந்த முழு ஊதா நிறம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்கள் மட்டுமே. எண்ணெய் நன்றாக அமையும் நாளில் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால், அன்று மாலை வருகிறவர் பச்சை மொட்டைக் கட்டைகளைத்தான் பார்ப்பார். அறுவடையைத் தள்ளிப்போட்டால் வெயிலும் காற்றும் எண்ணெயைக் கொண்டுபோய்விடும். இந்த இழுபறியை ஒரு பண்ணை எப்படிச் சமாளிக்கிறது என்பதைத்தான் நான் எந்த லாவெண்டர் பண்ணையிலும் முதலில் பார்ப்பேன்.

பிரைட்ஸ்டோவின் பரப்பு அதற்கு உதவுகிறது. நிலம் பெரிதாக இருந்தால் பகுதி பகுதியாக அறுக்கலாம். ஒரு பக்கம் இயந்திரம் ஓடும்போது இன்னொரு பக்கம் பூ நிற்கும். ஜனவரியில் போகிறவர்கள் அறுத்த வயலைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், அறுவடை தொடங்கிய நாட்களில் போவதுதான் மேல். பூவை மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பர் இறுதிக்குச் செல்லலாம். தொழிலைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜனவரியில் செல்லலாம். ஆனால் நம் பள்ளிகள் ஜனவரித் தொடக்கத்திலேயே திறந்துவிடுவதால், இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களுக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களுக்கும்தான் கிட்டும்.

எண்ணெய் வடிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் புரிந்துகொண்டு போனால்தான் அந்த வயல் வெறும் நிறமாகத் தோன்றாது. அறுத்த கதிர்களைத் தண்டுடன் பெரிய பெட்டிகளில் அடைத்து, அடியிலிருந்து நீராவியைச் செலுத்துகிறார்கள். பூவின் புறவிதழில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டிருக்கும் எண்ணெய் ஆவியோடு சேர்ந்து மேலே எழுகிறது. குளிர்விக்கும் குழாய்களின் வழியே இறங்கும்போது நீரும் எண்ணெயுமாகப் பிரிகிறது. எண்ணெய் நீரைவிட இலேசானது ஆதலால் மேலே மிதக்கும், அதை வடித்தெடுக்கிறார்கள். அடியில் தங்கும் நீரும் வீணாவதில்லை, அதுவே மணநீராக விற்பனைக்குப் போகிறது. ஒரு கிலோ எண்ணெய்க்கு நூறு கிலோவுக்கும் அதிகமான பூங்கதிர் தேவைப்படும் என்பதைக் கேட்ட பிறகு, கடையில் சிறு புட்டியின் விலையைப் பார்த்து முனகுவது குறைந்துவிடும். வடித்த உடனே மூக்கில் வைத்தால் அறுத்த புல்லின் பச்சை வாடை தூக்கலாக இருக்கும். சில மாதம் மூடி வைத்த பிறகுதான் எண்ணெய் அடங்கி இனிமை மேலெழும். பருவத்தில் வழிகாட்டியுடன் சுற்றிப்பார்க்கும் ஏற்பாடு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். செல்லும் நாளில் அது உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

நம்மவர்களில் பலருக்கு லாவெண்டர் என்பது கழிவறைத் தெளிப்பானின் வாடையாகவும், துணி சோப்பின் வாடையாகவுமே பழகியிருக்கிறது. அதனால்தான் “இதற்காக ஏழரை மணி நேரம் விமானத்தில் போக வேண்டுமா?” என்று என் மாமியார் கேட்டார், அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அந்தச் சோப்பிலும் தெளிப்பானிலும் இருப்பது பெரும்பாலும் செயற்கை மணம், அல்லது லாவண்டின் என்னும் கலப்பினத்தின் எண்ணெய். லாவண்டின் வளமாக வளரும்; ஒரே அளவு பூவில் இரு மடங்குக்கும் மேல் எண்ணெய் தரும்; ஆகவே விலை குறைவு. ஆனால் அதில் கற்பூரக் கூறு அதிகம். லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற தாவரப் பெயர் கொண்ட அசல் லாவெண்டரிலோ கற்பூரம் மிகச் சொற்பம். லினலூல், லினலைல் அசிட்டேட் என்னும் இரண்டு சேர்மங்களே அதன் மென்மைக்குக் காரணம். பிரைட்ஸ்டோவில் விளைவது இந்த அசல் இனம். கோயில் சன்னிதியில் கற்பூர ஆரத்தியைத் தினமும் முகர்ந்து பழகிய மூக்குக்கு இரண்டையும் வேறு பிரிப்பது கடினமே அல்ல. மாமியார் வயலில் ஒரு கதிரை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டு, துளசிக்குச் சொந்தக்காரச் செடி போலிருக்கிறதே என்றார். அவர் சொன்னது தாவரவியல்படியும் சரிதான். துளசி, புதினா, கற்பூரவல்லி, லாவெண்டர் நான்கும் ஒரே குடும்பம். நான்கிலும் தண்டைத் தொட்டுப் பார்த்தால் நாற்சதுரமாக இருக்கும்.

இந்த வேறுபாட்டை அறியாமல் போனதால் பணம் இழந்தவர்கள் இருக்கிறார்கள். வேறொரு நாட்டில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு தோட்டத்துக்கு முன்பு சென்றிருக்கிறோம். அறுவடை முடிந்து வயல் மொட்டையாகக் கிடந்தது; நுழைவுச்சீட்டுக் கூடத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை; முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, உள்ளே நெகிழிப் பூக்கள் சுற்றிய வளைவின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கடையில் வாங்கிய எண்ணெய்ப் புட்டியில் தாவரப் பெயரே இல்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் தலைவலித் தைலத்தின் நெடி. இதை இங்கே எழுதுவது, எதை வைத்து ஒரு பண்ணையை எடைபோடலாம் என்பதற்காகத்தான்: பூ இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாசலிலேயே அல்லது இணையத்தளத்திலேயே சொல்கிறார்களா, புட்டியின் மேல் முழுத் தாவரப் பெயரும் விளைந்த இடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரைட்ஸ்டோ பூக்கும் பருவத்தைத் தன் இணையத்தளத்தில் தெளிவாகக் குறிப்பிடுகிறது. அந்தப் பருவத்தில் நுழைவுக் கட்டணம் உண்டு. பயணம் உறுதியாகுமுன் அன்றைய கட்டணத்தையும் திறப்பு நேரத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானின் ஃபார்ம் டொமிடாவை இதோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது, ஏனெனில் சிங்கப்பூரர்கள் அதிகம் அறிந்த லாவெண்டர் பண்ணை அதுதான். நகஃபுரானோவில் உள்ள அந்தப் பண்ணையில் நுழைவு இலவசம். டடாவோ டொமிடா என்பவர் 1958-இல் எண்ணெய்க்காக லாவெண்டர் பயிரிடத் தொடங்கினார். அந்த வட்டாரத்தில் அப்போது பலரும் அதையே பயிரிட்டார்கள். 1970-களில் செயற்கை மணப்பொருளும் வெளிநாட்டு எண்ணெயும் மலிவாகக் குவிந்ததும் வாங்குவார் இல்லாமற் போயிற்று. ஒருவர் பின் ஒருவராக வயல்களை உழுது மாற்றினார்கள். டொமிடாவும் அந்த நிலைக்கு வந்திருந்த வேளையில், 1976-இல் ஜப்பானிய ரயில்வேயின் நாட்காட்டியில் அவருடைய வயலின் படம் வெளியாயிற்று. அதைப் பார்த்தவர்கள் இடம் தேடி வரத் தொடங்கினார்கள். எண்ணெய் காப்பாற்றாத நிலத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காப்பாற்றினார்கள். இன்று அங்கே சீக்கிரம் பூக்கும் நோஷி ஹயாசாகி முதல் ஓகாமுராசாகி வரை வெவ்வேறு இனங்களைச் சேர்த்து நட்டிருப்பதால், ஊதா நிறம் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடாமல் நீள்கிறது. லாவெண்டரோடு வேறு நிறப் பூக்களையும் பட்டை பட்டையாகப் பயிரிட்டிருக்கிறார்கள்.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு என் விடை: தோட்டமாகப் பார்த்தால் டொமிடா, பண்ணையாகப் பார்த்தால் பிரைட்ஸ்டோ. வண்ணப் பட்டைகளும், சற்றுத் தொலைவில் நிற்கும் டொகாச்சி மலைத்தொடரும், பருவத்தில் மட்டும் ரயில் நின்று செல்லும் தற்காலிக நிலையமும் டொமிடாவுக்கு உரிய வசதிகள். கார் ஓட்டத் தெரியாதவர்களும் அங்கே போய்விடலாம். டாஸ்மேனியாவில் அப்படி இல்லை. ஆனால் அங்கே ஒரே பயிர், ஒரே நிறம், மேடு முழுவதும் ஒரே ஒலி: தேனீக்களின் ரீங்காரம். தோட்டக்கலைக் காட்சியைப் பார்த்த நிறைவைவிட, ஒரு தொழில் நடக்கும் இடத்தில் விருந்தாளியாக நின்ற நிறைவு அதில் அதிகம். ரசனை வேறுபடும், மலர்க் கண்காட்சிகளை விரும்பும் என் அக்கா டொமிடாவுக்குத்தான் வாக்களிப்பார்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பண்ணையின் வருவாயில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பாபி என்ற ஊதா நிறக் கரடிப் பொம்மைதான் அங்கே அரசன். உள்ளே உலர்ந்த லாவெண்டரும் கோதுமையும் அடைத்திருப்பார்கள். நுண்ணலை அடுப்பில் சற்று நேரம் வைத்து எடுத்தால் ஒத்தடம் கொடுக்க உதவும். சீனப் பயணிகளிடையே அது பிரபலமாகி, ஒருவருக்கு ஒன்றுதான் என்று பண்ணை கட்டுப்பாடு விதிக்கும் நிலை வந்தது. போலிகளும் சந்தைக்கு வந்தன. ஒரு பொம்மை ஒரு வேளாண் நிலத்தைத் தாங்கிப் பிடிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கணக்குப் பார்த்தால் வியப்பில்லை. எண்ணெய் ஆண்டுக்கொரு முறை விளைவது, அதன் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. கடைப் பொருளின் விலையைப் பண்ணையே தீர்மானிக்கிறது, உலர்ந்த பூ ஆண்டு முழுவதும் கெடாது. முட்டிவலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உள்ள வீட்டில் அந்தக் கரடி நிச்சயம் பயன்படும். எனக்குப் பிடித்தது பொம்மையைவிட எண்ணெய்ப் புட்டியும், துணி அலமாரியில் வைக்கும் உலர்பூப் பையும்தான். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தப் பையைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது வெளியே எடுத்தால் மணம் நீடிக்கும்.

உணவைப் பொறுத்தவரை ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுவிட்டு மேலே செல்வதே நல்லது. லாவெண்டர் ஐஸ்கிரீமில் பூவின் கைப்பு இலேசாகத் தெரியும். ரோஸ்மில்க்கும் ஏலக்காயும் பழகிய நாக்குக்கு அது உவப்பாகவே இருக்கும். பண்ணையில் சிற்றுண்டிச்சாலை இருக்கிறது. ஆனால் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும், மதியம் சோறு இல்லாவிட்டால் முகம் வாடுகிறவர்களும் லான்செஸ்டனில் தங்கும் இடத்திலேயே எலுமிச்சைச் சோறோ தயிர்ச்சோறோ கட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். அங்கிருந்து நபோலா வரையிலான பாதையில் இந்திய உணவகம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கட்டுச்சோறு என்றதும் ஓர் எச்சரிக்கை. டாஸ்மேனியா தனக்கென்று கடுமையான உயிர்க்காப்பு விதிகளை வைத்திருக்கிறது. மெல்பர்னிலிருந்து உள்நாட்டு விமானத்தில் வந்தாலும் பழம், காய்கறி, செடி, விதை ஆகியவற்றைக் கொண்டுவர அனுமதி இல்லை. மோப்ப நாய்கள் பைகளை முகர்ந்து பார்க்கும். தேக்காவில் வாங்கிய கறிவேப்பிலையையும் பச்சை மிளகாயையும் பெட்டியில் செருகிக்கொண்டு போகும் பழக்கம் உள்ளவர்கள் சிங்கப்பூரிலேயே அவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். திரும்பும்போதும் அப்படித்தான்: உலர்பூவும் எண்ணெயும் கொண்டுவரலாம், உயிர்ச் செடியை ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், அதற்குத் தாவரநலச் சான்றிதழ் முதலிய நடைமுறைகள் உண்டு.

சிங்கப்பூரிலிருந்து டாஸ்மேனியாவுக்கு நேரடி விமானம் கிடையாது. மெல்பர்ன் வரை ஏறக்குறைய ஏழரை மணி நேரம், அங்கிருந்து லான்செஸ்டனுக்கு ஒரு மணி நேரம். அதன்பின் வாடகைக் கார்தான் வழி. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதாலும், நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதாலும் சிங்கப்பூரருக்கு இது எளிது. விடியலிலும் அந்தி சாய்ந்த பிறகும் மட்டும் கிராமச் சாலைகளில் ஓட்டுவதைத் தவிர்க்கப் பாருங்கள். வாலபி, வாம்பட் போன்ற விலங்குகள் திடீரெனக் குறுக்கே வரும். டிசம்பரில் அங்கே சூரியன் மறைவது இரவு எட்டரை மணிக்குப் பிறகுதான் என்பதால் அவசரப்படத் தேவையில்லை. பகல் நீளமாக இருப்பதைப் பயன்படுத்தி, முற்பகல் கூட்டம் வரும்முன்போ, பிற்பகல் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பின்னோ சென்றால் வயலில் நிம்மதியாக நடக்கலாம்.

குளிர்ச்சியான காற்றை நம்பி ஏமாந்துவிட வேண்டாம். வெப்பநிலை இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருக்கும், ஆனால் அந்த ஊர்க் கோடை வெயிலில் புற ஊதாக் கதிர் மிகக் கடுமை. தொப்பியும் வெயில்காப்புப் பூச்சும் இல்லாமல் ஒரு மணி நேரம் நின்றால் கன்னம் சிவந்துவிடும். வயலில் நிழல் குறைவு. பெரியவர்களை அழைத்துச் செல்வோர் அவர்களைச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் அமர்த்திவிட்டு, மற்றவர்கள் மேட்டில் ஏறிவிட்டு வரலாம். தரை சமமாக இராது, சக்கர நாற்காலியை வரிசைகளுக்கிடையே தள்ளுவது சிரமம். தேனீக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை பூவில்தான் கவனமாக இருக்கும், நாம் கையால் விசிறாத வரை சீண்டுவதில்லை. பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், செருப்பில்லாமல் ஓடவும் விடாதீர்கள். கொட்டினால் ஒவ்வாமை வரும் என்று தெரிந்தவர்கள் தங்கள் மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும். கதிர்களை ஒடிக்கக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். படத்துக்காகச் செடிகளின் மேல் அமர்கிறவர்களைப் பார்த்த பிறகு சொல்லித்தான் ஆக வேண்டும் என்று படுகிறது. அடிக்கட்டை முதிர்ந்து மரமாகிப்போன லாவெண்டர், ஒடிந்த இடத்திலிருந்து எளிதில் துளிர்ப்பதில்லை.

மெல்பர்ன் பயணத்தின் ஒட்டாக இரண்டு இரவுகளை லான்செஸ்டனுக்கு ஒதுக்க முடிகிறவர்களுக்கு இந்தப் பண்ணையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். லாவெண்டருக்காக மட்டும் தனியே டாஸ்மேனியா போவதென்றால், பூவோடு பயிர்த்தொழிலிலும் ஆர்வம் உள்ளவர்களுக்குத்தான் செலவு நியாயமாகப் படும். அரை நாள் போதும். ஒரு நாள் முழுவதையும் அங்கே கழிக்கத் திட்டமிட வேண்டாம்.

அவ்வளவு தொலைவு போக இயலாதவர்களுக்கு அருகில் இருப்பவை வேறு வகை. கேமரன் மலைக்குப் பேருந்தில் போய்வருகிறவர்கள் அங்கேயும் லாவெண்டர் பூந்தோட்டம் பார்க்கலாம். குளிர்ச்சியான மலைதான் என்றாலும் ஆண்டு முழுவதும் மழை பெய்யும் வெப்பமண்டல உயரம் அது, எண்ணெய் வயலை அங்கே தேடக் கூடாது. உள்ளூரில் கரையோரப் பூந்தோட்டங்களின் ஃபிளவர் டோம் கண்ணாடிக் கூடத்தில் மத்தியதரைக் கடல் வட்டாரத்துச் செடிகளுக்கென்று குளிர்ந்த, ஈரம் குறைந்த காற்றைச் செயற்கையாக உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். லாவெண்டரின் தேவை என்ன என்பதை அங்கே உள்ளே நுழைந்து தோலால் உணரலாம். வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்க்க விரும்புகிறவர்கள் அசல் இனத்தை வாங்கி ஏமாற வேண்டாம். நம் ஈரக் காற்றில் வேர் அழுகிப் போகும், குளிர்காலமே இல்லாத இடத்தில் பூப்பதும் அரிது. ஓரங்களில் பற்கள் போல் வெட்டுள்ள இலையையுடைய டென்டாட்டா இனம் வெப்பத்தைச் சற்றுத் தாங்கும். மண்ணில் பாதிக்குப் பாதி பெருமணலோ எரிமலைக்கல் துகளோ கலந்து, மழைச்சாரல் படாமல் காலை வெயில் விழும் இடத்தில் வைத்து, மேல்மண் நன்கு காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள்.